பஸ்ஸில் போய் மலையில் நடக்க: நெல்லைச் சீமைக்கான கேள்வி பதில்கள்

சொந்த வண்டி இல்லாமல் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நடக்க நினைப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்கள்தான் முக்கியம். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரியும் (செம்மணல் மேடுகள்) கொஞ்சம் வரும். பஸ் நேரங்களை வேண்டுமென்றே எழுதவில்லை. காரணம் நான்காவது பதிலில் இருக்கிறது.

காரு, பைக் எதுவும் கிடையாது. பஸ்ல போயே மலைல நடக்க முடியுமா?

முடியும். இந்தப் பகுதியின் அமைப்பே அதற்குத் தோதாக இருக்கிறது. மலைத்தொடர் தெற்கு வடக்காக நீள, அதன் காலடியில் பணகுடி, திருக்குறுங்குடி, களக்காடு, கல்லிடைக்குறிச்சி, பாபநாசம், கடையம், குற்றாலம், செங்கோட்டை, பண்பொழி என்று ஊர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லா ஊருக்கும் அரசு பஸ் உண்டு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தையும் அன்றைய நடைக்கணக்கில் சேர்த்துவிட்டால் ஆட்டோ தேடும் வேலை இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மலையின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதனால் கண்ணுக்குத் தெரியும் எல்லாப் பாதையிலும் நடக்க முடியாது. நடக்கக்கூடிய பாதைகள் குறைவு. பஸ்ஸில் போய்ச் சேரக்கூடியவையும் பெரும்பாலும் அவைதான்.

முதல் தடவை போறோம், வீட்ல வயசானவங்களும் வாராங்க. எங்கன ஆரம்பிக்கலாம்?

தோரணமலை அல்லது பண்பொழித் திருமலை. இரண்டும் முருகன் கோயில்கள், இரண்டுக்கும் படி உண்டு, வழி தவறாது.

தோரணமலை கடையம் தென்காசி சாலையில் இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து (சுருக்கமாக அம்பை) கடையம் வழியாகத் தென்காசி போகும் பஸ்ஸில் ஏறி, தோரணமலை விலக்கில், அதாவது கிளைச்சாலை பிரியும் இடத்தில், இறக்கிவிடச் சொல்லுங்கள். மேலே ஏறப் படிகள் நிறைய. நிழல் எல்லா இடத்திலும் கிடையாது, ஆகவே காலை ஒன்பது மணிக்குள் ஏற்றம் முடிந்திருப்பது நல்லது. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். அவர்களைப் பாதி வழியிலேயே உட்கார வைத்துவிட்டுப் போவதில் தவறில்லை.

திருமலைக்குச் செங்கோட்டையிலிருந்தோ தென்காசியிலிருந்தோ பண்பொழி பஸ். இங்கே படியோடு வண்டிப்பாதையும் மேலே வரை போகிறது, அதனால் நடக்க முடியாதவர்கள் ஆட்டோவில் வந்து மேலே சேர்ந்துகொள்ளலாம். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும். குடை அங்கே உதவாது, தொப்பி பறந்துவிடும்.

திருநெல்வேலில எந்த பஸ் ஸ்டாண்டு? ஜங்ஷனா, புது பஸ் ஸ்டாண்டா?

பாபநாசம், தென்காசி, களக்காடு, வள்ளியூர், திருச்செந்தூர் போன்ற வெளியூர் பஸ்களுக்கு வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டு. ஜங்ஷனில் டவுன் பஸ்கள். ரயிலில் வந்து ஜங்ஷனில் இறங்குபவர்கள் டவுன் பஸ் பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டு வர அரை மணி நேரம் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. திருநெல்வேலி செங்கோட்டை ரயில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், தென்காசி என்று அடிவாரத்தை ஒட்டியே போகிறது. டிக்கெட்டும் மலிவு. சென்னையிலிருந்து வருபவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் நேரே தென்காசியில் இறங்கலாம், திருநெல்வேலியைத் தொடவே வேண்டாம்.

ரயில் டிக்கெட் எடுக்கும்போது இரண்டு பெயர்கள் ஏமாற்றும். பாபநாசம் என்ற ரயில் நிலையம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது, குத்தாலம் என்பது மயிலாடுதுறைப் பக்கம். நம் பாபநாசத்துக்கு அம்பாசமுத்திரத்திலும், நம் குற்றாலத்துக்குத் தென்காசியிலும் இறங்க வேண்டும்.

பஸ் டைம் எங்க பாக்குறது? நெட்ல போட்டிருக்கது சரியா இருக்குமா?

நம்ப வேண்டாம். கிராமத்து வழித்தடங்களில் நேரம் மாறுகிறது, ஆள் பற்றாக்குறையில் ட்ரிப் கட் ஆகிறது, பள்ளி விடுமுறையில் சில ட்ரிப்கள் ஓடாது. இணையத்தில் யாரோ எப்போதோ ஏற்றிய பட்டியல் அப்படியே கிடக்கும். அதனால்தான் நாங்களும் எழுதவில்லை.

கேட்க வேண்டிய இடம் மூன்று. முதலில் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் அறை. அடுத்து, நீங்கள் ஏறிய பஸ்ஸின் கண்டக்டர். மூன்றாவது, இறங்கும் விலக்கில் இருக்கும் டீக்கடை. மூவரும் ஒரே நேரத்தைச் சொன்னால் திட்டத்தை அதன்மேல் கட்டலாம். சொல்வது வேறுபட்டால், அவற்றில் எது முந்தியதோ அதையே கடைசி பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி பஸ் ஏழரைக்குன்னு சொன்னாங்க. அப்பம் ஆறு மணி வரைக்கும் நடக்கலாம்லா?

கூடாது. இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அடிவாரக் கிராமங்களுக்கு ராத்திரி போகும் கடைசி பஸ் பல இடங்களில் ஹால்ட் பஸ். ஊருக்குள் போய் அங்கேயே படுத்துவிட்டு, விடிகாலையில்தான் திரும்பக் கிளம்பும். ஊர்க்காரர்களுக்கு அதுதான் கடைசி பஸ், ஏனென்றால் அவர்கள் வீடு திரும்புகிற பஸ் அது. உங்களுக்கு அது எதிர்த்திசை.

ஆகவே "கடைசி பஸ் எப்போ?" என்று கேட்காதீர்கள். "இங்கேருந்து அம்பைக்குப் போற கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று ஊர்ப் பெயரோடு கேளுங்கள். கூடவே "அதுக்கு முந்தினது எப்போ?" என்றும் கேளுங்கள். திட்டத்தை முந்தினதற்குப் போட வேண்டும், கடைசி பஸ்ஸைக் கைகாவலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிச்சமும் ஒரு கணக்கு. மலை நமக்கு மேற்கே இருக்கிறது. டிசம்பரில் ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறது என்றால், அடிவாரப் பள்ளங்களில் அதற்கு வெகு முன்பே மலை நிழல் விழுந்துவிடும். நான்கு மணிக்குப் பாதையை விட்டு வெளியே வந்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் எந்த மாதத்திலும் தவறாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் திட்டம் போடலாம்?

திரும்பும் பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். சமதளத்தில் மணிக்கு நான்கு கி.மீ., ஏற்றத்தில் இரண்டரை முதல் மூன்று, இறக்கத்தில் மூன்றரை முதல் நான்கு. இது சாப்பாட்டுப் பையோடு, பேசிக்கொண்டு நடக்கும் சாதாரண ஆட்களின் வேகம்.

திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலை எடுத்துக்கொள்வோம். ஊரிலிருந்து கோயில் வரை ஒரு வழிக்கு ஏழெட்டு கி.மீ. மாலை நான்கு மணிவாக்கில் பஸ் என்றால் மூன்று மணிக்கு ஊருக்குள் இருக்க வேண்டும். இறங்க இரண்டேகால் மணி நேரம், ஆகவே பன்னிரண்டே முக்காலுக்குக் கோயிலை விட்டுக் கிளம்ப வேண்டும். தரிசனம், சாப்பாடு, ஓய்வு ஒன்றரை மணி நேரம். ஏற மூன்று மணி நேரம். கணக்கு காலை எட்டேகாலுக்கு வந்து நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து வருபவர்கள் ஆறு மணி பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேறு இடம் போவது நல்லது.

மலை நம்பி கோயிலுக்கு நடந்தே போகலாமா, ஜீப்லதான் போகணுமா?

நடந்து போகிறவர்கள் உண்டு. திருக்குறுங்குடிக்குக் களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர், நாங்குநேரிப் பக்கமிருந்து பஸ் கிடைக்கும். ஊர்க் கோயிலைப் பார்த்துவிட்டு மேற்கே நடந்தால் வனத்துறைச் செக்போஸ்ட். அங்கே பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக், தீப்பெட்டி, மது எதுவும் உள்ளே போகாது. அதற்கு மேல் கல்லும் சரளையுமான ஜீப் பாதை, நம்பியாற்றை ஒட்டிக் காட்டுக்குள் ஏறுகிறது.

மலைக் கோயிலில் நடை சாத்தும் நேரத்தைக் கீழே ஊர்க் கோயிலிலேயே கேட்டுவிடுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டமும் ஜீப்புகளும் அதிகம், பாதை முழுக்கத் தூசி. அமைதியாக நடக்க நினைப்பவர்களுக்கு அந்த நாட்கள் ஏற்றவை அல்ல. கனமழை எச்சரிக்கை வந்தால் செக்போஸ்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

களக்காடு தலையணை எப்படி?

களக்காட்டில் இறங்கி மேற்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நடை. வயல், வாழைத்தோட்டம், பிறகு வனத்துறைச் செக்போஸ்ட், நுழைவுக் கட்டணம். பச்சையாற்றில் குளிக்கலாம். அதற்கு மேல் செங்கல்தேரிப் பக்கம் தன்னிச்சையாகப் போகக் கூடாது. நீண்ட நடை தேடுபவர்களுக்கு இது போதாது. குழந்தைகளோடு வருபவர்களுக்குச் சரியான அளவு.

பாபநாசத்துல இருந்து காரையாறு பஸ் போவுதே, நடுவுல இறங்கி நடக்கலாமா?

பஸ் போவது உண்மை. பாபநாசம் செக்போஸ்டைத் தாண்டி முண்டந்துறை, சொரிமுத்து அய்யனார் கோயில் வழியாகக் காரையாறு போகிறது. ஆனால் அந்தச் சாலை முழுக்கப் புலிகள் காப்பகத்துக்குள். நிறுத்தங்களில் இறங்கலாம், நிறுத்தங்களுக்கு இடையே காட்டுச் சாலையில் நடப்பதும், ஒற்றையடிப் பாதையில் நுழைவதும் குற்றம். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குப் பதியலாம்.

அனுமதிக்குள் நல்ல ஒரு நாள் வேண்டுமானால் அகஸ்தியர் அருவி, பாபநாசநாதர் கோயில், படித்துறை என்று வைத்துக்கொள்ளலாம். அருவிப் பக்கம் அன்றைக்கு நடந்து போக விடுகிறார்களா என்பதைச் செக்போஸ்டில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்கு அண்மை ஆண்டுகளில் தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து அரசு பஸ்ஸில்தான் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு விடுகிறார்கள். அந்த நாட்களில் வண்டி வைத்திருப்பவர்களும் நம்மைப் போலப் பஸ்ஸில்தான்.

படித்துறையில் ஒரு வேண்டுகோள். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். அந்தச் சேலையும் வேட்டியும் கல்லிடுக்கில் சுற்றிக்கொண்டு அழுகுகின்றன, குளிப்பவர்கள் காலைப் பின்னுகின்றன. இதே தண்ணீரைத்தான் கீழே மூன்று மாவட்டத்து ஊர்கள் குடிக்கின்றன.

மாஞ்சோலைக்கும் பஸ் இருக்கே?

இருக்கிறது. மேலே உள்ள பதில்தான் இதற்கும். மணிமுத்தாறு செக்போஸ்டைத் தாண்டிய பிறகு நடைபயணம் கிடையாது. வெளியாட்களை அனுமதிக்கும் விதிகள் அடிக்கடி மாறுவதால், கிளம்புவதற்கு முந்தின நாள் அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் போகக் கூடாது. மணிமுத்தாறு அணை வரை யாரும் போகலாம். 118 அடி வரை தண்ணீர் நிற்கும் அணை. கரையையும் கால்வாயையும் ஒட்டிய சாலைகளில் காலை நடை நன்றாக இருக்கும்.

அனுமதியோட காட்டுக்குள்ள நடக்க முறையான வழியே கிடையாதா?

உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" என்ற பெயரில் மாநிலம் முழுக்க 40 தடங்களை இணைய முன்பதிவோடு திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள்.

பஸ்ஸில் வருபவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். கூடும் இடத்துக்கு விடிகாலையிலேயே வரச் சொல்வார்கள், அந்த நேரத்துக்கு முதல் பஸ் வந்து சேராது. முந்தின ராத்திரியே தென்காசியிலோ அம்பையிலோ தங்கிவிட வேண்டும். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் கடனாநதி அணைக்கு மேலே உள்ள அத்ரி மலைக் கோயில் போன்ற இடங்களுக்கு உள்ளூர் வனத்துறையின் அன்றைய அனுமதி வேண்டும். மழையிலும் கோடையிலும் பெரும்பாலும் கிடைக்காது.

பொதிகை மலை உச்சிக்குப் போகணும். பாபநாசம் வழியா ஏற விடுவாங்களா?

அந்த எண்ணத்தோடு காரையாறு பஸ்ஸில் ஏற வேண்டாம். பொதிகை உச்சியான, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்கு நடைமுறையில் உள்ள வழி கேரளப் பக்கம், போணக்காட்டிலிருந்து. கேரள வனத்துறை ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி முன்பதிவு திறக்கும். இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து கேரள அரசு பஸ்ஸில் போணக்காடு என்று இதையும் பஸ்ஸிலேயே முடிக்கலாம்.

குற்றாலத்துல செண்பகாதேவி, தேனருவி?

தேனருவிக்குப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. செண்பகாதேவி அருவி, குற்றாலம் பேரருவிக்கு மேலே காட்டுக்குள் இருக்கிறது. சித்ரா பௌர்ணமியை ஒட்டிக் கோயிலுக்குப் போக விடுவார்கள், மற்றபடி மேலே சொன்ன வனத்துறை அனுமதியோடுதான். "ஐந்நூறு கொடுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது வந்தால் போகாதீர்கள். பிடிபட்டால் அபராதம் உங்களுக்குத்தான்.

தார்ச்சாலையில் நடக்க மனமிருந்தால் பேரருவியிலிருந்து ஐந்தருவி வரை நாலைந்து கி.மீ. உண்டு. சாரல் காலத்தில் மரத்தடியிலேயே நடந்து போகலாம். சனி, ஞாயிறு வண்டிப் புகை தாங்காது, வார நாளில் போங்கள். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தடை.

எந்த மாசம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி முதல் பாதி. ஆறுகளில் தண்ணீர் இருக்கும், வெயில் ஏறியிருக்காது. அடுத்தது ஜூலை, ஆகஸ்ட். தென்காசிப் பக்கம் சாரல், திருக்குறுங்குடிப் பக்கம் காற்று. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, திட்டம் போட்டாலும் நடக்கும் என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் பல ஊர்களுக்குச் சாலையே இல்லாமல் போனது. மார்ச் முதல் மே வரை படிக்கட்டுகளைத் தவிர வேறெங்கும் வேண்டாம், அதுவும் காலை ஒன்பதுக்குள்.

மேல வெயில் அடிக்குது, ஆத்துல இறங்கலாம்ல?

நீங்கள் நிற்கும் இடத்தின் வெயில் ஒன்றும் சொல்லாது. மழை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மேலே பெய்து, தண்ணீர் பிறகு வரும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்தான்.

தண்ணீர் தெளிவு மாறிக் கலங்குவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, சத்தம் கனப்பது: இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் செருப்பைக் கூடத் தேடாமல் கரையேறுங்கள். ஏறும்போது எதிர்க்கரைக்குப் போகக் கூடாது, பஸ் இருக்கும் கரைக்கே வர வேண்டும். முந்தின நாள் செய்தித்தாளில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணை மட்டங்கள் வரும். மட்டம் ஒரே நாளில் பல அடி ஏறியிருந்தால் மலையில் கனமழை என்று பொருள்.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிவிட்டால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. வாழையிலையில் கட்டிய புளியோதரை அல்லது மிளகாய்ப்பொடி தடவிய இட்லி மதியம் வரை கெடாது. தயிர்ச்சாதம் வெயிலில் புளித்துவிடும். வாழைப்பழத்தைக் கையில் தெரியும்படி எடுத்துப் போனால் பாபநாசத்திலும் குற்றாலத்திலும் குரங்குகள் விடாது.

டார்ச், விசில், உப்புக்கரைசல் பொட்டலம், முழுக்கால் சட்டை, பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ. பஸ்ஸுக்குப் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள். செல்போனைப் பஸ்ஸிலேயே தீர்த்துவிடாதீர்கள். செக்போஸ்டைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் இருக்காது, சிக்னல் தேடித் தேடியே சார்ஜ் இறங்கும். ஏரோப்ளேன் மோடில் போட்டு வையுங்கள்.

யானை, கரடி வந்தா என்ன செய்ய?

யானையைவிட இந்த அடிவாரத்தில் கரடியைத்தான் அதிகம் நினைக்க வேண்டும். கடையம், பாபநாசம் பக்கம் தோட்டங்களுக்கும் ஊருக்குள்ளும் வருகிறது. அதற்குக் கண்பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. திடீரென்று பக்கத்தில் ஆளைக் கண்டால் பயந்து பாயும். ஆகவே வளைவுகளில் பேசிக்கொண்டே நடங்கள், காதில் பாட்டு மாட்டாதீர்கள், விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் அடிவாரப் பாதையில் இருக்காதீர்கள். எதிரே பார்த்தால் ஓடாமல், முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

யானை லத்தி ஈரமாக, சூடாகக் கிடந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். போட்டோவுக்காக நிற்க வேண்டாம்.

அட்டை, பாம்பு?

அட்டை மழைக்காலத்து ஈரக் காட்டில்தான். கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். கடித்தால் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுத்து, கழுவி, அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, காலை ஆட்டாமல், 108-ஐ அழையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக்கு வழியில் நிற்காமல் அம்பாசமுத்திரம், தென்காசி அரசு மருத்துவமனை அல்லது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள்.

பொம்பளைங்க மட்டும் நாலு பேர் போறோம். பஸ் ஃப்ரீதானே? பாதுகாப்பு எப்படி?

கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும், முன்பக்கம் எழுதியிருக்கும். வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். டவுன் பஸ் மாறி மாறிப் போனால் செலவு மிச்சம், நேரம் அதிகம். நடை கணக்கில் அதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கோயிலுள்ள பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். தோரணமலை, திருமலை, மலை நம்பி மூன்றிலும் பகலில் குடும்பங்கள் வந்துபோகும். செக்போஸ்டில் பெயரும் எண்ணும் எழுதச் சொன்னால் சரியாக எழுதுங்கள். திரும்பவில்லை என்றால் தேடுவது அந்த நோட்டை வைத்துத்தான்.

காடு, அனுமதி, செக்போஸ்ட் எதுவுமே வேண்டாம். சும்மா நடக்க இடம் சொல்லுங்க.

திருப்புடைமருதூர். வீரவநல்லூர் அல்லது முக்கூடல் பக்கமிருந்து போகலாம். கடனாநதி தாமிரபரணியோடு கூடும் இடம், மருதமரங்களில் நீர்ப்பறவைகள் அடையும் ஊர். 2005-ல் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. பட்டாசு வெடிக்காதீர்கள், மரத்தடியில் சத்தம் வேண்டாம்.

முற்றிலும் வேறு நிலம் பார்க்கத் தேரி. திருச்செந்தூரிலிருந்து காயாமொழிப் பக்கம் பஸ்ஸில் போனால் செம்மணல் மேடுகள், கொல்லாமரம், பனை. காலை எட்டுக்குள் நடந்து முடிக்க வேண்டும். மணல் சூடேறினால் செருப்புக்கு மேலும் சுடும், கால் புதைவதால் வேகம் பாதியாகும். எல்லா மேடும் ஒரே மாதிரி இருப்பதால், கோயில் கோபுரத்தையோ செல்போன் டவரையோ பார்வையில் விடாமல் நடங்கள்.

ஒரு பக்கம் ஏறி இன்னொரு ஊர்ல இறங்கி பஸ் பிடிக்கலாமா?

வண்டி வைத்திருப்பவர் நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டும், உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் காட்டுக்குள் குறுக்கே கடப்பது எங்கும் அனுமதியில்லை. அடிவாரச் சாலைகளில்தான் இது நடக்கும்.

நல்ல உதாரணம் பண்பொழி. காலையில் திருமலை ஏறி இறங்குங்கள். பிறகு வயலும் தென்னந்தோப்புமாக அச்சன்கோவில் சாலையில் மேக்கரை வரை நடங்கள், ஒன்றரை இரண்டு மணி நேரம். அங்கே அடவிநயினார் அணை. அதற்கு மேல் கோட்டைவாசல் மலைச்சாலை, நடக்கக் கூடாது. மேக்கரையில் பஸ் உடனே இல்லையென்றால் காத்திருக்காமல் வடகரைக்குத் திரும்பி நடங்கள், அங்கே செங்கோட்டை, தென்காசி பஸ் அதிகம்.

எல்லாம் சரி, கடைசி பஸ்ஸை விட்டுட்டா?

ஊருக்குள் போங்கள், விலக்கில் நிற்காதீர்கள். இருட்டிய பிறகு விலக்கில் கைகாட்டினால் வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் நிற்காது. ஊருக்குள் மினி பஸ், ஷேர் ஆட்டோ, பால் வண்டி ஏதாவது இருக்கும். ஐந்தாவது பதிலில் சொன்ன ஹால்ட் பஸ் இருந்தால் அதன் டிரைவரிடம் காலை கிளம்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, கோயில் மண்டபத்தில் படுக்க முடியுமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கலாம். காட்டு விளிம்புச் சாலையில் அடுத்த ஊர் வரை ராத்திரி நடப்பது மட்டும் வேண்டாம், இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும்.